தண்ணி நிக்குதா?

வேன்ஹூக் பம்ப் கூடம்,
22 நவம்பர் 1955.

வெஸ்ஸல் அவர்களுக்கு, பம்ப் கூடத்து ஆரியின் மகள் அலைடா எழுதுவது.

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: தண்ணீர் ஆறு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, யாரும் கால் வைக்காதீர்கள். எண்ணிப் பார்த்தால் ஏழே ஏழு சொற்கள். ஏறக்குறைய இரண்டு வருடமாக அவற்றை வாயில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன், கோயிலில் பாடினேன், உங்கள் அம்மாவுக்குக் கடையிலிருந்து மாவு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

இதை நீங்கள் நின்றுகொண்டு படிக்கிறீர்களோ உட்கார்ந்து படிக்கிறீர்களோ தெரியாது. முடிந்தால் உட்காருங்கள்.

உங்கள் அம்மா நலம். முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் சந்தைக்கு இன்னமும் சைக்கிளில்தான் போகிறார். அக்டோபர் முழுக்க மழை. வாய்க்கால் தண்ணீரை ஆற்றுக்கு ஏற்றப் பம்ப் இரவும் பகலும் ஓடியது. மேற்கு மூலையில் வெர்காய்க் வீட்டு வயலில் வாத்துகள் நீந்தின. எங்கள் வாசலுக்கு இன்னொரு படி வைத்தாயிற்று. நிலம் இறங்குகிறது, கட்டைக்கால்களின் மேல் நிற்கும் வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. நீங்கள் கப்பலேறிப் போகும்போது நான்கு படி, இப்போது ஐந்து. அப்பா சொல்கிறார், தண்ணீரை இறைக்க இறைக்க நிலம் சாப்பாடு கிடைக்காத மனிதனைப்போல ஒட்டிப்போகிறதாம். காலையில் மூடுபனிக்குள், நம் நிலத்தைவிட உயரத்தில் ஓடும் ஆற்றில், கரைக்கு மேலே ஒரு சரக்குப் படகு போனது. நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே, கூரைக்கும் மேலே, விளக்கு ஒன்று மெதுவாகக் கடந்தது. உங்கள் ஊரிலும் படகு மனிதர்களின் தலைக்கு மேலேதான் போகுமா?

இந்தக் கடிதத்துக்குக் காரணம் உங்கள் கடிதம். எனக்கு எழுதியதல்ல. போன வாரம் உங்கள் அம்மா கண்ணாடியைத் தேடி அலுத்து, என்னையே படிக்கச் சொன்னார். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டும் வேலை, ரொட்டி மெத்தென்று இருக்கிறது, ஆடுகள் நிறைய என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி. எதை அளந்தாலும் மூன்று முறை அளக்கிறேன், மேஸ்திரி என்னை 'மூணு தடவை' என்று பேர் வைத்தே கூப்பிடுகிறான் என்று. உங்கள் அம்மா சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான்" என்றார். அவருக்குத் தெரியும், நீங்கள் அப்படி இருந்ததில்லை என்று. எனக்கும் தெரியும். ஐஸ் எவ்வளவு கெட்டி என்று ஒரே ஒரு முறை கோலை இறக்கி, பார்த்து, எழுந்துவிடுவீர்கள். ஊர் அதன்மேல் நடக்கும்.

இனி எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். விட்டு விட்டு எழுதினால் அந்த இடைவெளிகளில் நான் ஒளிந்துகொள்வேன்.

போன வருடம் ஜனவரிக் கடைசியில் வாய்க்கால் நீர் உறைந்தது. மூன்றாவது நாள் மாலை, வழக்கப்படி, சறுக்குப் பந்தயம் நடத்தும் ஐஸ் சங்கத்தார் தேன் கேக்கை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து பம்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். முன்னால் நின்றது, ஐஸை அளந்து சொல்லும் ஐஸ்காரரான நீங்கள். அப்பா முதுகு பிடித்துப் படுக்கையில் இருந்ததால் கேக்கை வாங்கியது நான். "பொண்ணு கையில கேக் போனா பம்ப் நிக்குமா, இல்ல கேக் மட்டும் தீருமா?" என்று பால்காரர் ஹியூப் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். பம்பை நிறுத்தினேன். நிறுத்தினால்தான் தண்ணீர் அசையாமல் கிடக்கும், பனிப்பாளம் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் குளிரில் எந்திரத்தை அப்படியே விட்டால் இறுகிவிடும். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் அரைமணி நேரம் அதை வெறுமனே ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் சுவர்ப்பக்கப் பிடியை வெளியே தள்ளிவிட வேண்டும். பிடி உள்ளே இருந்தால் பம்பும் சேர்ந்து சுற்றும். தண்ணீர் பனிக்கு அடியிலிருந்து ஆற்றுக்கு ஏறிவிடும். இது பம்ப் கூடத்தில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும்.

பிப்ரவரி ஆறாம் தேதி சனிக்கிழமை, பள்ளிக்கு ஐஸ் விடுமுறை, பிள்ளைகளின் பந்தயம். ஏழு மணிக்கு நீங்கள் ஏணியையும் கோலையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலின் வளைவு வரை போய் அளந்துவிட்டுப் பாலத்துப் பலகையில் எழுதினீர்கள்: ஒன்பது சென்டிமீட்டர், தாங்கும். அது சரியான அளவு. திரும்ப எழுதுகிறேன். நீங்கள் அளந்தபோது அது சரியான அளவு.

ஏழே முக்காலுக்கு, பம்பை நிறுத்தியபின் முதல் தடவையாக, நான் எந்திரத்தை ஓட்டப் போனேன். கையில் ஒரு நாவல் இருந்தது. நகரத்து நூலகத்தில் இரவல் வாங்கியது, ஒரு தீவைப் பற்றியது. முந்தின நாள் விட்ட பக்கத்தில் ஒரு பெண் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறேனே என்று நினைப்பு முழுக்க அவள்மேல். நீர் உறையும் வரை அப்பாவுக்குப் பதிலாகத் தினமும் பம்போடு சேர்த்தே எந்திரத்தைக் கிளப்பிப் பழகியிருந்த கை, வழக்கப்படி எல்லாவற்றையும் தானே செய்தது. பிடியைத் தொடவே இல்லை. அது உள்ளேயே இருந்தது.

எண்ணெய்ப் பீப்பாயின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். எந்திரத்தின் வெப்பம் முழங்காலுக்கு இதமாக இருந்தது. சன்னல் முழுக்க வெள்ளை. மூடுபனியா விடியலா தெரியவில்லை. புத்தகத்தில் கடல் பேசிக்கொண்டே இருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் ஓசை எனக்குக் கேட்டது, வெஸ்ஸல். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தெளிவாகக் கேட்டது. அது அந்தத் தீவின் கடல் என்று நினைத்தேன். எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள், காதிலேயே கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன். கடல் நிற்கவில்லை.

எந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே ஓடி, நீர்மட்டம் காட்டும் மட்டப் பலகையைப் பார்த்தேன். ஈரக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர். பனிப்பாளம் கரையைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றது; கீழே இருட்டாக ஒரு வெற்றிடம். ஐஸ் தண்ணீரின் மேல் படுத்துக்கொண்டுதான் நம்மைச் சுமக்கிறது. தண்ணீர் விலகிவிட்டால் அது வெறும் கூரை.

உங்களிடம் சொல்லத்தான் பாலத்துக்கு வந்தேன். அதை நம்புங்கள். நாற்பது பேர் இருந்தார்கள். கொடி கட்டியிருந்தது. பிள்ளைகள் சறுக்குக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் பக்கத்தில் வருவதற்கு முன்பே, கையில் சோம்புப் பால் கோப்பையோடு, ஊர் கேட்க நீங்கள் குரல் கொடுத்தீர்கள். ஒவ்வொரு வருடமும் பந்தயத்துக்கு முன்னால், மட்டம் இறங்காமல் இருக்கிறதா என்று ஐஸ்காரர் கேட்பதுதான், பம்ப்காரர் பதில் சொல்வதுதான். "அலைடா, தண்ணி நிக்குதா?" என்றீர்கள். எல்லா முகங்களும் சிரித்தபடி என் பக்கம் திரும்பின. கோயிலில் 'ஆமென்' சொல்வதுபோல என் வாய் தானே திறந்தது. "நிக்குது" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சொல்ல நேரம் இருந்தது. பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடி இறங்கும் வரை இரண்டு நிமிடமாவது இருந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைத்தவை இவை: தூரத்து வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் திரும்பி வந்துவிடும். ஒன்பது சென்டிமீட்டர் கெட்டிதானே. அப்பாவின் வேலை போய்விடும், வேலையோடு வீடும். புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வார்கள். கடைசியில் நினைத்ததுதான் மற்றவற்றைவிடச் சுட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வளைவில் பனிப்பாளம் உடைந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். விரிசல் சத்தம் அல்ல அது. யாரோ பெருமூச்சு விட்டதைப்போல. ஹியூபின் மகள் யன்னா உள்ளே போனாள். நீங்கள் ஏணியைத் தள்ளி அதன்மேல் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, அவள் பின்னலைப் பிடித்து இழுத்தீர்கள். பதினொரு வாரம் அவள் ஆஸ்பத்திரியில் நுரையீரல் காய்ச்சலோடு கிடந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனாலும் அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் தெற்கே கடல் உடைத்துக்கொண்டு வந்து அத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தது. கடலை யாரும் திட்ட முடியாது. உங்களைத் திட்ட முடிந்தது. "உன் கோலைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டில்ல நடு, சாணி எவ்வளவு ஆழம்னு அளந்து சொல்லு!" என்று ஹியூப் கத்தினார். சங்கத்தின் குறிப்பேட்டில் 'அளவு பிழை' என்று எழுதினார்கள். நீங்கள் கோலை முழங்காலில் வைத்து ஒடித்தீர்கள். சத்தமே போடாமல் ஒடித்தீர்கள்.

அன்று மாலை நான் மட்டக் குறிப்பேட்டில் எழுதியது: 'நேற்றுப்போலவே.'

அந்தச் செப்டம்பரில் நீங்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது கப்பல் துறைக்கு உங்கள் அம்மாவுக்குத் துணையாக வந்தது நான்தான். நீங்கள் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "அங்க தண்ணி உறையவே உறையாதாம் அலைடா, நிம்மதி" என்றீர்கள். நான் உங்கள் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பொத்தானைப் பற்றிச் சொல்லவா, பம்பைப் பற்றிச் சொல்லவா என்று நினைத்து, இரண்டையும் சொல்லாமல் நின்றேன். கப்பல் நகர்ந்ததா துறை நகர்ந்ததா என்று தெரியாத ஒரு நிமிடம் வந்தது. அப்புறம் நீங்கள் சிறிதாகிவிட்டீர்கள்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "எனக்குக் காது இருக்கும்மா" என்றார். படுக்கைக்கும் எந்திரத்துக்கும் நடுவே ஒரே சுவர்தானே. எந்திரம் வெறுமனே ஓடுவதற்கும் சுமையோடு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அவரும் இத்தனை நாள் சொல்லவில்லை. உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "வீட்ட விட்டுப் போகச் சொன்னா போவோம். அஞ்சு படி ஏறி எறங்கி என் முதுகு போச்சு" என்றார். இன்னொரு கிழங்கை எடுத்தார்.

டிசம்பர் பத்தாம் தேதி ஐஸ் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ஊருக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்டால் அதைக் கொடுக்கும் வேலையும் உங்கள் தலையில் விழும். அதனால் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று: நல்ல மரமாகப் பார்த்து ஒரு கோல் செய்துகொள்ளுங்கள். உங்கள் காலுக்குக் கீழே தரை என்றும் தரையாகவே இருக்கட்டும்.

அலைடா


வேன்ஹூக்,
17 ஜனவரி 1956.

வெஸ்ஸல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிடைத்தது. உறை கனமாக இருந்தது. பிரிக்கப் பயந்து ஒரு நாள் முழுக்க ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் கனமெல்லாம் தாளின் கனம். எழுத்து மூன்றே வரி. 'கடிதம் கிடைத்தது. பம்ப் எத்தனை நிமிடம் ஓடியது? பிடி முழுக்க உள்ளே இருந்ததா, பாதியா?' அவ்வளவுதான். எத்தனையோ விதமாக நீங்கள் என்னைத் திட்டுவதைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதைத் தேட இத்தனை நாள் ஆயிற்று. முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

விடுதியின் பின்னறையில் முப்பது பேர் இருந்தார்கள். பட்டாணி சூப் மணத்தது. சங்கத் தலைவரான பள்ளி ஆசிரியர், கடைசியில் "வேற ஏதாவது உண்டா?" என்றார். எப்போதும் யாரும் எதுவும் சொல்லாத இடம் அது. நான் எழுந்தேன். உங்களுக்கு எழுதியதையே சொன்னேன், கொஞ்சம் குறைவாகவும் கொஞ்சம் மோசமாகவும். முடித்தபோது ஒருவர் கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஹியூப் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "ரெண்டு வருஷமா என் வண்டியிலதானே பால் வாங்குன? என் கண்ணப் பாத்துத்தானே வாங்குன?" என்றார். ஆமாம் என்றேன். "அவன் என் புள்ளையத் தூக்கிக் குடுத்தான். நான் அவன் மூஞ்சில துப்பாத குறை" என்றார். தொப்பியை மறந்துவிட்டு வெளியே போனார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வாசலில் அவர் வண்டி நிற்பதில்லை. அப்பா பாலில்லாத காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இத்தன வருஷம் வீணாக் காசு குடுத்திருக்கோம்" என்கிறார்.

ஆசிரியர் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, 'அளவு பிழை' என்ற வரியை எல்லோர் முன்னாலும் அடித்தார். அதன் ஓரத்தில், 'வெஸ்ஸல் போஹார்டின் அளவு சரியாக இருந்தது; தண்ணீர் நிற்கவில்லை' என்று எழுதினார். உங்கள் அம்மாவை அழைத்துவந்து காட்டினார்கள். அவர் அந்தக் கண்ணாடியைத் தேடவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாவு இப்போது வேறு யாரோ வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நீர் வாரியத்திலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஓலை வந்துவிட்டது. மேலிருந்து மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதுவரை பம்ப் எங்கள் பொறுப்பு.

கூட்டத்துக்கு மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. யன்னா. பதினொரு வயதாகிவிட்டது, பின்னலை வெட்டிக்கொண்டுவிட்டாள். உள்ளே வரவில்லை. கீழ்ப் படியில் நின்றபடியே, "என்ன புத்தகம் அது?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நான் உள்ள விழற அளவுக்கு அப்படி என்ன புத்தகம்?" என்றாள். இந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை நான் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, தொலைந்துவிட்டதாகச் சொல்லி விலை கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு கதைப் புத்தகமும் நான் திறக்கவில்லை. அலமாரியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனாள். நன்றி சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முதலில் அவளிடம் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில் தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்பது தெரியும்: இருநூற்றுப் பதினொன்று முதல் இருநூற்று ஐம்பத்தெட்டு வரை. "ஒரு மணி நேரத்துக்குத் தர்றேன். நான் இன்னும் பாதிகூட வரல" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் யன்னா கொடுத்தாள்.

போன வியாழக்கிழமை காலை, ஏழே முக்காலுக்கு, பம்ப் கூடத்துக்குப் போனேன். பிடியை வெளியே தள்ளினேன். தள்ளியதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வெளியே போய்த் தண்ணீர் விழவில்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். எந்திரத்தைக் கிளப்பினேன். அதே பீப்பாய், அதே சாக்கு. எதிரே அப்பாவின் கடிகாரம். அன்று படித்த வேகத்திலேயே படிக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, நிறுத்தி நிறுத்தியும் படிக்கக் கூடாது. முடியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் நாலாவது பக்கத்தில் அந்தப் பெண் என்னைத் தன் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டாள். சன்னல் வெளுத்தது. வெப்பம் முழங்காலில் ஏறியது. பயமாக இருந்தது, வெஸ்ஸல். அதைவிட, நன்றாக இருந்தது. இரண்டு வருடம் பட்டினி கிடந்தவள் சாப்பிட்டதுபோல. கடல் சத்தம் மட்டும் இந்த முறை வரவில்லை. புத்தகத்தில் கடலைப் பற்றி எழுதியிருப்பது மொத்தம் மூன்றே வரி. அன்று கேட்டது எல்லாம் நம் வாய்க்கால்தான்.

ஐம்பத்து மூன்று நிமிடம். பிடி முழுக்க உள்ளே இருந்தது.

புத்தகத்தை யன்னாவிடம் சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குளிர் கூடி வருகிறது. வேறு எதையும் கேட்காமல், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

அலைடா


8 மே 1956.

வெஸ்ஸல் அவர்களுக்கு,

மேலே முகவரி எழுதவில்லை. இப்போது இருப்பது நகரத்தில் அத்தையின் மாடியறை. நிலையான இடம் கிடைத்ததும் தெரிவிக்கிறேன். இங்கே படகுகள் தலைக்கு மேலே போவதில்லை, சன்னலுக்குக் கீழே போகின்றன. அப்பாவுக்கு அது பழகவில்லை. "எல்லாம் தலைகீழா இருக்கு" என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.

உங்கள் இரண்டாவது கடிதம் பிப்ரவரியில் வந்தது. 'ஐம்பத்து மூன்று நிமிடம், பிடி முழுக்க. அப்படியென்றால் வளைவில் பனிக்கு அடியில் ஒரு கையகலம் காலி. ஒன்பது சென்டிமீட்டர் அந்தரத்தில் நின்றால் இருபது பிள்ளைகளைத் தாங்காது. என் கோல் சரிதான்.' இதைப் பலமுறை படித்தேன். அதில் என்னைப் பற்றி எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது.

அது வந்த வாரம் நீர் இரும்பாக உறைந்திருந்தது. பதினெட்டு சென்டிமீட்டர். தேன் கேக் இந்த முறையும் வந்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை; கொடுத்தார்கள், வாங்கினேன். பந்தய நாளில் பாலத்திலிருந்து ஆசிரியர் குரல் கொடுத்தார்: "அலைடா, தண்ணி நிக்குதா?" திரும்பி நடந்து மட்டப் பலகைக்குப் போனேன். பின்னால் காலடி கேட்டது. யன்னா. நான் பார்த்து முடித்ததும் என்னை ஒதுக்கிவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். என்னை அவள் நம்பவில்லை. அதுதான் சரி. பாலத்துக்கு வந்து, "நேத்து இருந்ததவிட அரை சென்டிமீட்டர் கம்மி" என்றேன். கூட்டத்தில் ஹியூபின் குரல் கேட்டது: "நம்பரா கேட்டோம்? நிக்குதான்னுதானே கேட்டோம்!" இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. யாரோ சிரித்தார்கள். நான் யன்னாவைப் பார்த்தேன். "நிக்குது" என்றாள் அவள், எனக்குப் பதிலாக. அப்புறம்தான் கொடி இறங்கியது. அவள் சறுக்கவில்லை. கரையில் நின்று பார்த்தாள்.

இனி ஒவ்வொரு வருடமும் பம்ப்காரர் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஐஸ்காரர் என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். எழுதவில்லை என்பது மட்டும் உண்மை.

நீங்கள் எங்கே இருந்தாலும், யாராவது உங்களைக் கேள்வி கேட்டால் அவர்கள் உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்துக் கேட்பவர்களாக இருக்கட்டும். கோட்டுப் பொத்தானைத் தைத்துக்கொண்டீர்களா?

அலைடா

பின்குறிப்பு: ஏப்ரல் முப்பதாம் தேதி புதிய பம்ப்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறும்போது உங்கள் அம்மா வந்தார். உங்களிடமிருந்து வந்த கடிதத்தை நீட்டி, கண்ணாடியைக் காணோம், படி என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. படித்தேன். புதுக் கோல் செய்திருக்கிறீர்கள். இப்போது ஒருமுறைதான் அளக்கிறீர்கள்.